அறுவை மருத்துவருக்கு ஆய்வு கற்பிப்பது எப்படி?
சென்னை முதுகெலும்புக் காசநோய் ஆய்வை முன்வைத்து

எலும்பு, மூட்டு அறுவை மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் இதழில் 1999ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. முதுகெலும்பில் காசநோய் கண்ட 235 பேரின் பத்தாண்டு நிலவரம் அதில் இருந்தது. அவர்களில் 78 பேருக்குச் சீழையும் சிதைந்த எலும்பையும் முழுக்க அகற்றி, அந்த இடத்தில் எலும்பு ஒட்டு வைத்து, கூடவே ஆறு மாதம் இசோனியசிட், ரிஃபாம்பிசின் மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். இன்னொரு 78 பேர் கத்தியே படாமல் அதே மாத்திரைகளை ஆறு மாதம் சாப்பிட்டு, வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மீதி 79 பேருக்கு அறுவை இல்லை; மாத்திரை ஒன்பது மாதம். பத்தாண்டு கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 90 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 94, மூன்றாம் பிரிவில் 99.

அறுவை செய்தவர்களைவிடச் செய்யாதவர்கள் மோசமாகிவிடவில்லை என்பதே இதன் சாரம். இதைக் கண்டறிந்த குழுவில் அறுவை மருத்துவர்களே இருந்தார்கள் என்பதுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். தன் கைத்தொழில் தேவையில்லை என்று ஆகிவிடக்கூடிய ஒரு கேள்வியைத் தானே கேட்டு, விடைக்காகப் பத்தாண்டு காத்திருப்பது எந்தத் தொழிலிலும் எளிதன்று. அந்த மனநிலையும் அதற்கான வழிமுறையும் ஒரு மருத்துவருக்கு எங்கிருந்து வருகின்றன? இன்றைய எலும்பியல் பட்டமேற்படிப்பு மாணவருக்கு அவற்றை நாம் கற்றுத்தருகிறோமா?

சேத்துப்பட்டில் உருவான பழக்கம்

சென்னை ஆய்வு திடீரென முளைத்ததன்று. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1948இல் முடிவு வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சமவாய்ப்பு முறையில் தீர்மானித்தது. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறை அது. எட்டாண்டு கழித்து, 1956இல், அதே கழகமும் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சென்னை அரசும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. நோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் குணமாகுமா, அல்லது வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதுமா என்பது அதன் முதல் பெரிய கேள்வி. வீடே போதும் என்ற 1959ஆம் ஆண்டு விடை உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது.

அந்த மையம் ஆய்வு முடிவுகளோடு ஒரு பழக்கத்தையும் உருவாக்கிவைத்தது. நோயாளியின் முகவரியைச் சரிபார்த்து எழுதுவது, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப்பார்ப்பது, சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதிப்பது, ஊர் மாறிப் போனவரைத் தேடிக் கண்டுபிடிப்பது. பின்னாளில் முதுகெலும்புக் காசநோய் ஆய்வுக்காகச் சென்னை மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் துறையினர் இந்த மையத்தோடு கைகோத்தபோது, இந்தப் பழக்கம் அவர்களுக்கும் ஆயத்தமாகக் கிடைத்தது. அறுவை அரங்கத்தில் அவர்கள் வல்லவர்கள். கணக்கெடுப்பிலும் தொடர்கண்காணிப்பிலும் மையத்தினர் வல்லவர்கள். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார்கள்.

கேள்வியும் ஆற அமர யோசித்துக் கேட்கப்பட்ட கேள்விதான். ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் ஆகிய இருவரும் 1956இல் விவரித்த தீவிர அறுவை பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. கொரியாவிலும் அன்றைய ரொடீசியாவின் புலவாயோவிலும் ஹாங்காங்கிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் ஒவ்வொரு நம்பிக்கையாக எடுத்து உரசிப்பார்த்தன. மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதால் கூடுதல் பயனில்லை என்று தெரிந்தது. உடம்பைச் சுற்றிப் போடும் மாவுக்கட்டும் கூடுதலாக ஒன்றும் தரவில்லை. ஹாங்காங் அறுவையோ கூன் விழுவதைக் குறைத்தது. புதிய, வலுவான மருந்துகள் வந்த பிறகும் அந்த அறுவை எல்லோருக்கும் தேவையா என்பதே சென்னைக்கு எஞ்சிய கேள்வி.

வரையறைக்கு வெளியே நின்ற கூன்

சென்னை அறிக்கை அந்தக் கேள்வியின் விடையோடு முடிந்திருந்தால், அறுவை மருத்துவர் இல்லாமலும் இந்த ஆய்வு நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் "நல்ல நிலை" என்பதற்கு இந்த ஆய்வுகள் வைத்திருந்த வரையறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சீழ்க்கட்டி இல்லை, புரை இல்லை, நரம்புப் பாதிப்பு இல்லை, எக்ஸ்-ரேயில் நோய் அடங்கியிருக்கிறது, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறது. முதுகு எத்தனை பாகை வளைந்திருக்கிறது என்பது அந்த வரையறைக்குள் இல்லை. கூன் விழுந்த ஒரு சிறுமியும் கணக்கில் "நன்று" என்றே பதிவாகலாம்.

இந்த இடைவெளியைக் கண்டவர்கள் எலும்பியல் மருத்துவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரமும் இளைய மருத்துவரான எஸ். ராஜசேகரனும், அறுவையின்றி மருந்து மட்டும் பெற்ற 90 நோயாளிகளின் எக்ஸ்-ரேக்களை ஆண்டுவாரியாக அளந்து, 1987இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கும்போது முள்ளெலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறதோ அதை 30.5ஆல் பெருக்கி 5.5ஐக் கூட்டினால், கடைசியில் கூன் எத்தனை பாகையில் நிற்கும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். ஒரு முழு முள்ளெலும்பு கரைந்திருந்தால் 36 பாகை. ஒன்றரை எலும்பு போயிருந்தால் 51. எல்லோருக்கும் அறுவை, யாருக்குமே வேண்டாம் என்ற இரண்டு கட்சிகளுக்கும் நடுவே, யாருக்கு வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்க இது வழிதந்தது.

அதற்குப் பின் வந்தது இன்னும் முக்கியமானது. ராஜசேகரன் 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2001இல் முடிவை எழுதினார். நோய் முற்றாகக் குணமான பின்னும், வளரும் வயதில் 39 விழுக்காட்டினருக்குக் கூன் கூடிக்கொண்டே போனது. 44 விழுக்காட்டினருக்கு அது தானாகக் குறைந்தது. மீதிப் பேருக்குப் பெரிய மாற்றமில்லை. யாருக்குக் கூடும் என்பதை முன்பே காட்டிக்கொடுக்கும் நான்கு எக்ஸ்-ரே அறிகுறிகளையும் அவர் வகுத்துத் தந்தார். 1999ஆம் ஆண்டு அறிக்கையும் இதே திசையில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்திருந்தது: பதினைந்து வயதுக்குக் குறைந்த, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் உள்ள பிள்ளைகளுக்கு ஆறு மாத மாத்திரை மட்டும் போதாது.

ஆய்வுப் பயிற்சி எதைத் தர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. புள்ளியியலாளர் இல்லையென்றால் அறுவை மருத்துவர் தன் நம்பிக்கையைத்தான் அளந்திருப்பார். அறுவை மருத்துவர் இல்லையென்றால் புள்ளியியலாளர் கூனை அளக்காமலே விட்டிருப்பார்.

ஏன் இது அறுவை மருத்துவருக்குக் கடினம்?

பிரிட்டனின் லான்செட் இதழாசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன் 1996இல் ஒன்பது அறுவை மருத்துவ இதழ்களைப் புரட்டிப்பார்த்தார். கட்டுரைகளில் ஏறத்தாழப் பாதி, "இத்தனை பேருக்கு இந்த அறுவையைச் செய்தேன், நன்றாக இருக்கிறார்கள்" என்ற வகை. ஒப்பீட்டுக் குழுவோடு சமவாய்ப்பு முறையில் நடந்த ஆய்வுகள் 7 விழுக்காடுதான். அறுவை ஆய்வுகளை அவர் கேலிக்கூத்து என்றே கிண்டலடித்தார்.

கிண்டல் நியாயமே. ஆனால் காரணம் சோம்பல் அன்று. அறுவை மருத்துவர் நடு அரங்கத்தில் தயங்கி நிற்க முடியாது. முறிந்த எலும்பைத் திறந்த பின் பிளேட்டா, ராடா என்று யோசித்துக்கொண்டிருந்தால் ரத்தம் காத்திருக்காது. பல ஆண்டுப் பயிற்சி அவருக்குத் தருவது இந்த உறுதியைத்தான். ஆய்வு கேட்பதோ நேரெதிரான குணத்தை: "இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியாது" என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவை. இரண்டு குணங்களும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். ஆனால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

கண்முன் தெரியும் பலனும் ஏமாற்றும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் படைவீரர் மருத்துவமனையொன்றில் மோஸ்லி தலைமையிலான குழு, மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் முழங்காலைச் சுத்தப்படுத்தினார்கள். ஒரு பிரிவினருக்குக் கழுவிவிட்டதோடு சரி. மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் கீறித் தையல் போட்டார்கள், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. ஈராண்டுகளில் மூன்று பிரிவினரின் வலியிலும் நடமாட்டத்திலும் வேறுபாடு இல்லை. 2002இல் வெளியான இந்த முடிவு பல மருத்துவர்களைக் கோபப்படுத்தியது. அவர்கள் நோயாளிகள் நன்றாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். நன்றானது உண்மை, அறுவையால் நன்றானது என்பதுதான் நிரூபணமாகவில்லை.

முப்பது பேர் தீசிஸ்

இந்தியாவில் எம்.எஸ். ஆர்த்தோ படிக்கும் ஒவ்வொருவரும் மூன்றாண்டுக்குள் ஓர் ஆய்வேடு தர வேண்டும். அதற்கு எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். ஆய்வு முறையியல் குறித்து, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் இணையவழிப் பாடத்தைப் படித்துத் தேர்வெழுதவும் வேண்டும். பாடம் தரமானதுதான். நோயாளிகளிடம் நடக்கும் சோதனைகளைப் பதிவுசெய்ய 2007இல் தொடங்கிய தேசியப் பதிவேடும் இருக்கிறது. ஏட்டளவில் எல்லாம் சரி.

நடைமுறையைப் பார்ப்போம். ஆர்த்தோ தீசிஸ் என்றால் பெரும்பாலும் ஒரு தலைப்பு, ஒரு பிளேட் அல்லது ஓர் ஆணி, இருபது முப்பது நோயாளிகள், ஆறு மாதம் முதல் ஓராண்டு ஃபாலோ-அப். முந்தைய ஆண்டு மாணவரின் தலைப்பில் எலும்பின் பெயரை மட்டும் மாற்றியவையும் உண்டு. இதில் மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேஷுவாலிட்டி, வார்டு, அரங்கம், இரவுப் பணி என்று ஓடுகிறவருக்குக் கிடைக்கும் நேரத்தில் இவ்வளவுதான் முடியும்.

ஆனால் இந்த அளவில் எதைக் கண்டுபிடிக்க முடியும் என்ற கணக்கை அவருக்கு யாராவது போட்டுக்காட்ட வேண்டும். முப்பது பேரில் ஒருவருக்குக்கூடச் சீழ் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "தொற்று விகிதம் பூஜ்யம்" என்று ஏடு சொல்லும். புள்ளியியலின் எளிய விதியொன்று, மூன்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கிறது. உண்மையான விகிதம் 10 விழுக்காடுவரைகூட இருக்கலாம் என்பதே அதன் விடை. சீழ் பிடிப்பதை 6 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் குறைக்கும் ஒரு முறை இருக்கிறதா என்று நம்பகமாக அறிய, பிரிவுக்கு ஏறத்தாழ 750 பேர், மொத்தம் 1,500 பேர் தேவை. ஒரு மாணவர் தன் மூன்றாண்டில், ஒரு கல்லூரியில், இதைத் தொடவே முடியாது. தேர் இழுக்க ஓர் ஆளை மட்டும் அனுப்பிவிட்டு, வடம் பிடிக்கத் தெரியவில்லை என்று குறைசொல்வதற்கு ஒப்பானது இது.

முடியாத வேலையைத் தனியாகச் செய்யச் சொல்வதன் விளைவு காலவிரயம் மட்டுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆய்வு என்பது தேர்வுக்கு உட்கார ஒப்படைக்க வேண்டிய காகிதம் என்ற பாடத்தையும் அது கற்பித்துவிடுகிறது. அந்தப் பாடம் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சேர்ந்து செய்தவர்கள்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. சான்றுவழி மருத்துவம் வளர்ந்த அந்த வளாகத்தில் எலும்பியல் மருத்துவர் மோஹித் பண்டாரி, அறுவைக் கூர்மையையும் நோய்ப்பரவியல் கணக்கையும் ஒன்றாகக் கற்ற தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் குழு நடத்திய ஒரு சோதனையின் கேள்வி மிகச் சாதாரணமானது. எலும்பு வெளியே தெரிய முறிந்த காயத்தை எதால் கழுவுவது, எவ்வளவு அழுத்தத்தில் கழுவுவது? ஐந்து நாடுகளின் 41 மருத்துவமனைகளில் 2,447 நோயாளிகள் சேர்ந்தார்கள். இந்தியாவும் அந்த ஐந்தில் ஒன்று. 2015இல் வந்த விடை: சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கு மறு அறுவை அதிகம் தேவைப்பட்டது. விலையுயர்ந்த அழுத்தக் கருவியால் கூடுதல் பயன் இல்லை. சலைன் பாட்டிலை ஸ்டாண்டில் உயரத் தொங்கவிட்டுக் கழுவினாலே போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு முடிவு வேறென்ன?

பிரிட்டனில் மணிக்கட்டு முறிவுக்காக 461 பேரிடம் நடந்த சோதனையும் இப்படித்தான். எக்ஸ்-ரே பார்த்தபடி தோல்வழியே செலுத்தும் கம்பிக்கும், திறந்து பொருத்தும் விலைமிகுந்த பிளேட்டுக்கும் இடையே ஓராண்டில் நோயாளிக்கு வேறுபாடு தெரியவில்லை என்று 2014இல் சொன்னது. கம்பி மலிவு.

பயிற்சி மருத்துவர்களே சேர்ந்து சோதனை நடத்த முடியும் என்பதற்கும் பிரிட்டன் சான்று தருகிறது. மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியின் பொது அறுவைப் பயிற்சியாளர்கள் ஒரு கூட்டமைப்பாகி, 21 மருத்துவமனைகளில் 760 நோயாளிகளைச் சேர்த்து, வயிற்று அறுவையில் காயத்தின் விளிம்பைக் காக்கும் கருவியொன்றைச் சோதித்தார்கள். அது தொற்றைக் குறைக்கவில்லை என்பது 2013இல் தெரியவந்தது. பயிற்சியாளர் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்பவர். தனி ஆய்வுக்கு அது இடைஞ்சல். கூட்டு ஆய்வுக்கு அதுவே பலம். அவர் போகுமிடமெல்லாம் ஆய்வும் போகிறது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜென்னி டோனவன் குழு இன்னொரு திறனைக் கையிலெடுத்தது. ஆய்வில் சேருமாறு நோயாளியிடம் மருத்துவர் பேசும் உரையாடல்களை, இருதரப்பின் ஒப்புதலோடு, ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நடுநிலையாகப் பேசுவதாக நினைத்த மருத்துவர்கள், தங்களையறியாமல் ஒரு சிகிச்சையின் பக்கம் சாய்ந்தே பேசியிருந்தார்கள். அதைக் கேட்டுத் திருத்திக்கொண்ட பின், ஆய்வுக்கு இசைந்தவர்களின் பங்கு கணிசமாகக் கூடியது. நம் ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு ஒதுக்கப்படும் சில நிமிடங்களில், "நீங்க என்ன சொல்றீங்களோ செய்யுங்க டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிடுபவரிடம் உண்மையான ஒப்புதல் பெறுவது எப்படி என்பது தனிக்கலை. எந்தத் தேர்வும் அதைச் சோதிப்பதில்லை.

எதைக் கற்பிக்க வேண்டும்?

முதலாவது, விளைவை எதால் அளப்பது என்பது. இடுப்பு, முழங்கால் அறுவைகளை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் மதிப்பெண் பட்டியல்கள் மேலைநாட்டு வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டவை. காலுறை அணிய முடிகிறதா என்று கேட்கும் பட்டியல், சம்மணம் போட்டுச் சாப்பிட முடிகிறதா, குந்தி உட்கார முடிகிறதா, நாற்று நட வயலில் இறங்க முடிகிறதா என்று கேட்பதில்லை. நம் நோயாளிக்கு அறுவையின் வெற்றி அங்கேதான் இருக்கிறது. வரையறைக்கு வெளியே நின்ற கூனைச் சென்னையில் கண்டுகொண்டதைப் போல, பட்டியலுக்கு வெளியே நிற்கும் வாழ்க்கையைக் காணும் பயிற்சி வேண்டும்.

இரண்டாவது, தொடர்கண்காணிப்பு. ஆணி போட்டு நடக்கத் தொடங்கியவர் மறுபடி வருவதில்லை; வலி தீராதவர் வேறு மருத்துவமனைக்கோ புத்தூர்க் கட்டுக்கோ போய்விடுகிறார். வந்தவர்களை மட்டும் எண்ணினால் வருகிற முடிவு பொய். ஃபோன் எண்ணையும் பக்கத்து வீட்டாரின் எண்ணையும் வாங்கிவைப்பது, பஸ் கட்டணம் தருவது, தேவைப்பட்டால் வீட்டுக்கே போவது ஆகியவை சேத்துப்பட்டில் அறுபது ஆண்டுக்கு முன்பே தெரிந்த வித்தைகள். இதற்குத் தனி ஊழியர் வேண்டும். மாணவர் தலையில் கட்டினால் நடக்காது.

மூன்றாவது, புள்ளியியலாளரை எப்போது பார்ப்பது என்பது. தரவுகளைச் சேகரித்து முடித்து, கடைசி மாதத்தில் போய்ப் பார்ப்பவருக்கு அவர் செய்யக்கூடியது அதிகமில்லை. கேள்வி உருவாகும் நாளிலேயே அவர் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறுவை எப்படி நடக்கிறது என்று அவரும் அரங்கத்துக்கு வந்து பார்க்க வேண்டும்.

நான்காவது, ஓர் ஆய்வின் பின்னால் இருப்பது யாருடைய பணம், அதைத் தருபவர் கருவியை விற்பவர்தானா என்று கேட்கும் பழக்கம். எலும்பியலைப் போல உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்புக்குள் விட்டுவிட்டு வரும் துறை குறைவு. 2010இல் உலக அளவில் திரும்பப் பெறப்பட்ட உலோக இடுப்பு மூட்டொன்று இந்திய நோயாளிகளுக்கும் பொருத்தப்பட்டிருந்தது. அந்த மூட்டுக்கு மறு அறுவை அதிகம் தேவைப்படுகிறது என்பதை முன்கூட்டியே காட்டியது ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு. பொருத்திய ஒவ்வொரு மூட்டையும் பதிவுசெய்வதும் ஆய்வுதான். எளியது, நேர்மையானது, எந்தக் கல்லூரியாலும் இயலக்கூடியது.

செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் எம்.எஸ். ஆர்த்தோ இடங்கள் உள்ள அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் ஒரே மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பத்துக் கல்லூரிகளின் மாணவர்கள் ஆளுக்கொரு தலைப்பை எடுப்பதை விட்டு, ஒரே கேள்வியை, ஒரே நெறிமுறையில், ஒரே படிவத்தில் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு ஐம்பது நோயாளிகளைச் சேர்த்தால் ஓராண்டில் 500. அடுத்தடுத்த ஆண்டு மாணவர்கள் அதே வேலையைத் தொடர்ந்தால் மூன்றாண்டில் 1,500. மேலே சொன்ன கணக்குக்கு விடை அங்கே கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு மாணவரும் தன் கல்லூரித் தரவில் ஓர் உட்கேள்வியை எடுத்துத் தனி ஏடு எழுதலாம். தேர்வாளர்கள் "எத்தனை கேஸ்?" என்று கேட்பதை விட்டு, "எத்தனை பேரைத் தொலைத்துவிட்டீர்கள், ஏன்?" என்று கேட்கத் தொடங்கினால் மீதி தானாக நடக்கும்.

இதற்கு வெளிநாட்டு நிதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஒருங்கிணைக்க ஒரு சிறு அலுவலகம், சில புள்ளியியலாளர்கள், நோயாளிகளைத் தேடிப்போகும் ஊழியர்கள், ஆய்வுக்கென்று மாணவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுவிப்பு ஆகியவை போதும். பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்வி இயக்ககமும் மனம்வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். எல்லா எலும்பியல் மருத்துவரும் ஆய்வாளராக வேண்டியதில்லை. ஆனால் நல்ல ஆய்வு ஒன்றின் உள்ளே ஒருமுறையேனும் வேலை செய்யாத எவரும் எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறக் கூடாது.